ஐயமும் தீர்ப்பும்: அரிய நீர்ப்பறவைகள் பற்றிய ஒரு சர்ச்சை

2018ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நியூயோர்க் நகரின் சென்றல் பூங்காக் குளத்தில் மண்டரின் தாரா ஒன்று தோன்றியது. கிழக்காசியாவுக்குரிய அப்பறவையின் வண்ணக் கோலத்தைக் காண மக்கள் திரண்டனர். பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. அதன் காலில் வளையம் ஒன்று இருந்தது. உரிமை கோரி எவரும் முன்வரவில்லை. ஆயினும் அது எவரோ ஒருவரது வளர்ப்பிலிருந்து தப்பியது என்பதிற் பறவையியலாளரிடையே கருத்து வேறுபாடு எழவில்லை. உலகெங்கும் அழகுக்காக வளர்க்கப்படும் ஓர் இனம், காலில் வளையத்துடன், ஒரு மாநகரின் நடுவே நிற்கும்போது வேறு முடிவுக்கு வருவதற்கு நியாயம் இல்லை.

சர்ச்சை தொடங்குவது அத்தகைய வளையம் இல்லாதவிடத்தே. ஒரு நாட்டில் முன்னர் காணப்படாத தாராவோ வாத்தோ ஒரு நீர்நிலையில் வந்திறங்குகின்றது. (சிறியதைத் தாரா எனவும், கழுத்து நீண்ட பெரியதை வாத்து எனவும் கூறும் ஈழத்து வழக்கே இங்கு கைக்கொள்ளப்படுகின்றது.) அதனை அடையாளங் காண்பதில் இன்று பெரிய இடர்ப்பாடு இல்லை, நல்ல புகைப்படக் கருவிகள் அந்த வேலையை எளிதாக்கிவிட்டன. இடர்ப்பாடு அடுத்த வினாவிலேயே உள்ளது. அப்பறவை தன் சிறகை நம்பித் தானே வந்ததா, அன்றிச் செல்வர் ஒருவரது குளத்திலிருந்து வேலி தாண்டி வந்ததா? பறவையைப் பார்த்தவுடன் இதற்கு விடை கூற முடியாது. எனினும் விடை கூறப்பட்டு வருகின்றது. அதுவும் பெரும்பாலும் ஒரே விடை. ‘தப்பியதாக இருக்கலாம்’ என்பது முதல் வாக்கியம். ‘ஆகவே கணக்கிற் கொள்ளற்பாலதன்று’ என்பது இரண்டாவது. இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையில் இருக்கவேண்டிய நியாயம் எங்கே என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வியாகும்.

இத்துறையில் மிகவும் விரிவான நடைமுறையை வகுத்துக்கொண்ட நாடு பிரித்தானியாவே. 1858இல் நிறுவப்பட்ட பிரித்தானியப் பறவையியலாளர் ஒன்றியம் அந்நாட்டுப் பறவைப் பட்டியலைப் பேணி வருகின்றது. அதன் பதிவுக் குழு இனங்களை வகுதிகளாகப் பிரிக்கின்றது. 1950ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஒருமுறையேனும் இயற்கை நிலையிற் காணப்பட்டது ‘ஏ’ வகுதி. 1800க்கும் 1949க்கும் இடையில் மட்டும் அவ்வாறு காணப்பட்டது ‘பீ’. மனிதனாற் கொண்டுவரப்பட்டுத் தானே பெருகி நிலைத்துவிட்டது ‘சீ’. இயற்கை நிலையில் என்றாவது வந்ததா என்பதில் நியாயமான ஐயம் இருப்பின் ‘டீ’. தப்பியவையும் கொண்டுவரப்பட்டும் வேரூன்றாதவையும் ‘ஈ’. முதல் மூன்றுமே பட்டியலைச் சேர்ந்தவை. ‘டீ’யும் ‘ஈ’யும் பட்டியலுக்குப் புறம்பானவை. பெயரளவில் ‘டீ’ ஐயத்துக்குரிய இருக்கை. நடைமுறையில் அங்கு இருத்தப்பட்ட பறவை, தப்பியதென நிறுவப்பட்ட பறவையோடு ஒரே வாசலால் வெளியேற்றப்படுகின்றது. ஐயம் என்பது அறியாமையின் நேர்மையான ஒப்புதல். அதனை மறுப்புக்குச் சமமாக எண்ணிக் கணக்கு முடிப்பது வேறு காரியம்.

இங்கு எதிர்த்தரப்பார் கூறுவதை முழுமையாகக் கேட்டல் வேண்டும். ஏனெனில் அவர்கள் கூறுவதில் வலு இல்லாமல் இல்லை. அரிய பறவையைக் கண்டு தம் சொந்தப் பட்டியலில் ஓர் எண்ணைக் கூட்டிக்கொள்வதற்காக நூற்றுக்கணக்கான மைல் ஓடும் கூட்டம் ஒன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உண்டு. அக்கூட்டத்தாருக்குப் பறவை இயற்கையானதாக இருந்தேயாக வேண்டும். இல்லையேல் பயணச் செலவு வீண். ஆசையே சாட்சியாக மாறும் இடத்திற் கண்டிப்பான குழு வேண்டும் என்பது நியாயமே.

இக்கண்டிப்புக்கு வரலாறும் துணை நிற்கின்றது. 1892 முதல் 1930 வரை தென் இங்கிலாந்தின் ஹேஸ்ரிங்ஸ் நகரைச் சூழ்ந்த சிறு பிரதேசத்திலிருந்து நம்புதற்கரிய தொகையில் அரிய பறவைகள் ‘சுடப்பட்டு’ வந்தன. 1962 ஓகஸ்டில் ‘பிரிற்றிஷ் பேட்ஸ்’ சஞ்சிகை அவற்றை ஆராய்ந்து, புள்ளிவிபரவியல் முறையாலும் சோதித்து, அப்பதிவுகளை நம்பமுடியாதவை என அறிவித்தது. 29 இனங்களும் 6 துணை இனங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பிரித்தானிய மண்ணில் வீழ்த்தப்பட்ட பறவையின் உடலுக்கு மட்டுமே செல்வச் சேகரிப்பாளர் அதிக விலை கொடுத்தனர். வெளிநாட்டில் வீழ்த்தப்பட்ட அதே பறவைக்கு அவ்விலை இல்லை. சந்தை அமைந்தது; சரக்கும் வந்து சேர்ந்தது. நீக்கப்பட்ட இனங்களிற் பெரும்பாலானவை பிற்காலத்து ஐயமற்ற பதிவுகளால் மீண்டும் பட்டியலில் இடம் பெற்றமை, இந்தக் கதையைச் சொல்வோர் அடிக்கடி சொல்லாமல் விடும் பகுதி.

ஆகவே ஐயத்துக்கு ஒரு சமூக வேர் உண்டு. பறவையிடத்து அது பிறக்கவில்லை. கனடா வாத்து பதினேழாம் நூற்றாண்டில் இரண்டாம் சாள்ஸ் மன்னனின் புனித ஜேம்ஸ் பூங்காவுக்கு அலங்காரமாகக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் பிரபுக்களின் ஏரிகளிலே சீனாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வந்த நீர்ப்பறவைகள் நிறைந்தன. கப்பல்கள் சென்ற திசையெல்லாம் திரும்பிவருகையில் ஒரு கூட்டையும் ஏற்றிவந்தன. பறவையை உடைமையாக்கியவர் மனிதர். கணக்கு வைக்கத் தவறியவர் அவர். வேலியைப் பழுதாக விட்டவரும் அவரே. பழி மட்டும் தானே பறந்துவந்த பறவைமீது சுமத்தப்படுகின்றது. வளர்ப்போர் ஒவ்வொரு பறவைக்கும் வளையம் இட்டுத் தொலைந்தவற்றை அறிவித்து வந்திருப்பின் இச்சர்ச்சையின் பெரும்பகுதி எழுந்திராது. குழுக்களின் கண்டிப்பு அந்தத் திசையில் ஏன் திரும்புவதில்லை?

இனி, குழுக்கள் கைக்கொள்ளும் அளவுகோல்களை நோக்கலாம். வளையம் உண்டா? பறக்கவிடாமற் செய்வதற்காகச் சிறகு நறுக்கப்பட்டுள்ளதா? வளர்ப்போர் சிலர் அடையாளத்துக்காகப் பின்விரலை வெட்டுவதுண்டு, அவ்விரல் இருக்கின்றதா? கூட்டிலே தேய்ந்ததுபோல் இறகுகள் சிதைந்துள்ளனவா? இவை பொருட்சான்றுகள், இவற்றோடு எவருக்கும் வழக்கில்லை. வந்த பருவம், உடன்வந்த இனம், பறவையின் வயது ஆகியனவும் பயனுடையவையே. இலையுதிர் காலத்தில், வடக்கிலிருந்து வந்த பறவைத் திரளின் நடுவே, முதல் ஆண்டுக் குஞ்சாக நிற்கும் ஒன்றுக்கும், ஆனி மாதத்தில் நகரப் பூங்காவிற் பாண் துண்டுக்குக் கழுத்து நீட்டும் ஒன்றுக்கும் வேறுபாடு உண்டு.

ஆனால் ‘மனிதருக்கு அஞ்சவில்லை’ என்பதைச் சான்றாகக் கொள்வது பலவீனமானது. அச்சம் வேட்டையாற் கற்பிக்கப்படுவது. மனிதன் காலடி படாத வடபுலத்திற் பிறந்த குஞ்சு துப்பாக்கியை எங்கே கண்டிருக்கும்? களைத்து இறங்கிய பறவை ஓட வலுவின்றி நிற்பதும் உண்டு. இன்னொரு புறம், தப்பிய பறவை சில மாதங்கள் காட்டுப் பறவைகளோடு திரிந்தபின் அவற்றைப் போலவே வெருண்டு எழுவதும் இயல்பே. இரு திசையிலும் பொய் சொல்லக்கூடிய சாட்சியை ஒரு திசையில் மட்டும் நம்புவது எவ்வாறு?

‘வளர்ப்பில் ஏராளமாக உள்ளது’ என்னும் வாதத்தின் நிலையும் இதுவே. வளர்ப்பிலுள்ள தொகையை மட்டும் கூறி நிறுத்துவது அரைக் கணக்கு. இயற்கையிலுள்ள தொகை எவ்வளவு, அது பெருகுகின்றதா அருகுகின்றதா, அதன் பாதை எங்கே செல்கின்றது என்பனவும் தராசின் மற்றத் தட்டில் வைக்கப்படல் வேண்டும். வட அமெரிக்காவிலே தோன்றிய வெண்முக வாத்துகளின் வரலாறு இதற்கு நல்ல உதாரணம். நீண்ட காலமாக அங்கு அவை பெரும்பாலும் தப்பியவை எனத் தள்ளப்பட்டன. கிழக்குக் கிறீன்லாந்தில் இனம்பெருக்கி அயர்லாந்திலும் மேற்கு ஸ்கொத்லாந்திலும் குளிர்காலத்தைக் கழிக்கும் இவ்வாத்துகளின் தொகை 1959இல் ஏறத்தாழ 8,300 ஆக இருந்தது. 2013இல் 80,000 ஐத் தாண்டியது. பத்து மடங்கு பெருகிய கூட்டத்திலிருந்து வழிதவறுவோர் தொகையும் பெருகாதோ? ஸ்கொத்லாந்தின் ஐலே தீவில் 2004இல் வளையமிடப்பட்ட ஒரு வாத்து மறு ஆண்டு கனடாவின் ஒன்ராறியோவில் வேட்டைக்காரரால் வீழ்த்தப்பட்டபோது, வாதத்துக்கு எட்டாத விடையை ஒரு சிறு உலோகத் துண்டு தந்தது. அதற்கு முன்னர் தள்ளப்பட்டவற்றுள் எத்தனை கிறீன்லாந்திலிருந்து வந்தவை என்பதை இனி எவரும் அறியப்போவதில்லை.

பைக்கால் கிளுவையின் வழக்கு இன்னும் ஆழமானது. ஆண் பறவையின் முகத்தில் மஞ்சளும் பச்சையும் கருங்கோடும் பிணைந்த ஒரு கோலம் உண்டு. அந்த அழகே அதற்குப் பகையாயிற்று. அழகாயிருந்தமையால் வளர்க்கப்பட்டது, வளர்க்கப்பட்டமையால் ஐரோப்பாவில் எங்கு தோன்றினும் தப்பியதெனக் கருதப்பட்டது. கிழக்குச் சைபீரியாவில் இனம்பெருக்கும் இப்பறவை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அருகி, பின்னர் மீண்டும் பெருகியது. தென்கொரியாவின் நீர்நிலைகளிற் பல இலட்சமாகத் திரள்வது. 2005 நவம்பரில் டென்மார்க்கிலே ஓர் இளம் ஆண் கிளுவை சுடப்பட்டது. பழைய முறைப்படி அதனை ஐயத்துள் எறிந்திருக்கலாம். ஆராய்ச்சியாளர் அதன் இறகுகளைச் சோதனைக்கு எடுத்தனர்.

சோதனையின் அடிப்படை எளிது. மழைநீரிலுள்ள பாரமான ஐதரசனின் விகிதம் இடத்துக்கு இடம் வேறுபடும். அந்நீரை உண்டு வளரும் தாவரம் வழியாகவும் பூச்சி வழியாகவும் அவ்விகிதம் பறவையின் உடலிற் சேர்ந்து வளரும் இறகிற் பதிகின்றது. வளர்ந்து முடிந்த இறகு உயிரற்ற பொருள். பறவை எங்கு சென்றாலும் அப்பதிவு மாறாது. இறகு, அது முளைத்த மண்ணின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் போன்றது. முதல் ஆண்டுப் பறவையிடம் கூட்டருகே முளைத்த பழைய இறகும், பயணத்தின் பின் முளைத்த புதிய இறகும் ஒருங்கே இருக்கும். டென்மார்க்குக் கிளுவையின் இளம்பருவ இறகுகளின் சமதானிகள் சைபீரியப் பிறப்போடு பொருந்தின. பின்னர் முளைத்தவை மேற்கு ஐரோப்பாவைச் சுட்டின. 2007இல் இவ்வாய்வு வெளியாயிற்று.

இதன்பின் நடந்தது மேலும் கவனத்துக்குரியது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் 1906 ஜனவரியிற் சுடப்பட்ட ஒரு பைக்கால் கிளுவையின் பாடஞ்செய்த உடல் பேணப்பட்டிருந்தது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அதன் இறகும் அவ்வாறே சோதிக்கப்பட்டு, பிரித்தானியாவில் இயற்கையாக வந்த முதற் பைக்கால் கிளுவையாக அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. நூறு ஆண்டு மௌனமாக இருந்த சாட்சி பேசியது. அதனைப் பேச வைத்தது குழுவினரின் எச்சரிக்கையோ பார்வையாளரின் ஆசையோ அன்று; உடலை எறியாமல் வைத்திருந்த ஒருவரின் பொறுமையும், கேட்கத் தெரிந்த ஒரு விஞ்ஞானமுமே.

ஆராய்ச்சி எப்போதும் பறவை விரும்பிகளின் பக்கமே தீர்ப்பளிக்கும் என எவரும் மகிழவேண்டியதில்லை. வட இந்திய இலக்கிய மரபில் இரவிலே பிரிந்து துணையைக் கூவி அழைப்பதாகப் போற்றப்படும் சக்கரவாகம் என்னும் செம்பொன்னிறப் பறவை ஐரோப்பாவில் வேறொரு புலம்பலுக்குக் காரணமாயிற்று. 1892இன் கோடையில் அது பிரித்தானியத் தீவுகளிற் பலவாகத் தோன்றியமை பழைய பதிவுகளில் உண்டு. அண்மைக் காலத்தில் நெதர்லாந்தின் ஏம்மேர் ஏரியில் ஆண்டுதோறும் கோடையில் நூற்றுக்கணக்கானவை இறகுதிர்க்கக் கூடியபோது, அவை கிழக்கின் காட்டுப் பறவைகளாகலாம் எனச் சிலர் நம்பினர். பறவைகளைப் பிடித்து அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தபோது, அவை ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் தப்பிய பறவைகளின் வழித்தோன்றல்களாகப் பெருகிய கூட்டத்தைச் சேர்ந்தவை எனத் தெரியவந்தது. நம்பிக்கை தோற்றது. அத்தோல்வி மதிப்புக்குரியது, ஏனெனில் அது சோதனையால் வந்த தோல்வி. கிளுவைக்கு ‘ஆம்’ என்றதும் சக்கரவாகத்துக்கு ‘இல்லை’ என்றதும் ஒரே முறையியலின் இரு விடைகள். அம்முறை கையாளப்படாதவிடத்துக் கூறப்படும் ‘இல்லை’க்கு இம்மதிப்பு உரியதன்று.

இவையெல்லாம் ஓய்வுநேரக்காரரின் பட்டியற் சண்டை, பல்கலைக்கழகத்தார் இதில் நேரஞ் செலவிடுவதேன் என்று கேட்போரும் உளர். அவர்களுக்கு இரு தாராக்களின் கதை விடையாகும். 1946இல் ஸ்லிம்பிறிட்ஜில் பீற்றர் ஸ்கொட் நிறுவிய நீர்ப்பறவை நிலையம் உலகின் அருகிவரும் நீர்ப்பறவைகளைக் காத்தமைக்காகப் போற்றப்படுவது. அங்கே 1948இல் வட அமெரிக்காவிலிருந்து செந்நிறத் தாராக்கள் கொண்டுவரப்பட்டன. அவற்றின் குஞ்சுகள் சில வேலியைக் கடந்தன. 2000ஆம் ஆண்டளவிற் பிரித்தானியாவில் அவற்றின் தொகை ஏறத்தாழ 6,000. அவற்றுட் சில ஸ்பெயினைச் சென்றடைந்தன. அங்கேயோ, 1977இல் வெறும் 22 ஆகச் சுருங்கிப் பின் பாதுகாப்பால் மீண்டெழுந்த வெண்தலைத் தாரா வாழ்ந்துவந்தது. இரண்டும் கலந்தன, பிறந்த கலப்பினம் மலடாகவும் இல்லை. வெண்தலைத் தாரா கலப்பில் கரைந்துபோகுமென அஞ்சிய பிரித்தானிய அரசு 2005 தொடக்கம் செந்நிறத் தாராக்களைச் சுட்டொழிக்கும் திட்டத்தைச் செயற்படுத்தியது. ஆயிரக்கணக்கானவை மாண்டன.

இக்கொலை தவிர்க்கமுடியாததா என்பது தனி விவாதம். ஸ்பெயினிலுள்ள இனத்தை இழப்பதிலும் இது மேல் என்றே கொள்ளவேண்டியுள்ளது. கவனிக்கவேண்டியது வேறு. ‘காட்டுக்குரியது’, ‘தப்பியது’ என்ற சொற்கள் இங்கே அட்டவணைத் தலைப்புகளாக நிற்கவில்லை. ஒன்று காப்பதற்கும் மற்றது சுடுவதற்கும் ஆணையாயின. இதே வெண்தலைத் தாரா பிரித்தானியாவுக்கு வந்தபோது அது ‘டீ’ வகுதியில் இருத்தப்பட்டது. அதுவும் வளர்ப்பிலிருந்தது என்பதே காரணம். ஸ்பெயினிற் காக்கப்படும் கூட்டம் பெருகப் பெருக, வடக்கே வழிதவறும் பறவைக்கு வாய்ப்பும் பெருகும். அவ்வாறு ஒன்று வரின் அது தன் இனத்தின் மீட்சிக்குச் சான்றாகும். சோதனையின்றி அதனைத் தள்ளிவைப்போர் அச்சான்றையும் சேர்த்தே தள்ளுகின்றனர்.

‘கதவைத் திறந்தாற் பட்டியல் குப்பையாகும்’ என்பது கண்டிப்பாளரின் இறுதி அரண். கதவைத் திறக்கும்படி எவரும் கேட்கவில்லை. சிறகு நறுக்கிய பறவையை வரவேற்கும்படியும் கேட்கவில்லை. ஐயத்துக்குரியதை ஐயத்துக்குரியதென்றே, அதன் காரணங்களுடனும் கிடைத்த பொருட்சான்றுடனும் பகிரங்கமாக வைத்திருத்தல் வேண்டும். புதிய சோதனை வரும்போது பழைய தீர்ப்பைத் தானாகவே மீளப்பார்த்தல் வேண்டும். உதிர்ந்த இறகைப் பேணல் வேண்டும். தப்பியதெனக் கூறுவோரும், எங்கிருந்து, எப்போது என்று ஓரளவேனும் காட்டக் கடமைப்பட்டவர். இயற்கையானதெனக் கூறுவோரிடம் மட்டும் சான்று கேட்பது ஒருதலை வழக்கு.

வடபுலக் குழுக்களின் இத்தகைய முற்சாய்வு நூல்களோடு சேர்ந்து ஏனைய நாடுகளுக்கும் ஏற்றுமதியாவதே இலங்கை வாசகருக்கு இவ்விடயத்தை அண்மையதாக்குகின்றது. வரித்தலை வாத்து பிரித்தானிய ஏரியொன்றிற் காணப்படின் அது தப்பியதென்றே எழுதப்படும். அங்கு அது பெரும்பாலும் சரியே. அதே வாத்து மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து தென்னிந்தியாவுக்கு வருவது. மொங்கோலியாவிற் கழுத்துப்பட்டி இடப்பட்டவை கர்நாடகத்து ஏரிகளிற் காணப்பட்டுள்ளன. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் அது குளிர்கால விருந்தாளி. கூந்தன்குளத்திலிருந்து மன்னாருக்கு நேர்கோட்டில் 300 கிலோமீற்றரும் இல்லை. இமயத்தைத் தாண்டிய சிறகுக்கு அது ஓர் இரவுப் பயணம். ஐரோப்பிய வழிகாட்டி நூலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வங்காலைச் சதுப்பிலே ஊசிவால் தாராக்களின் நடுவே அவ்வாத்தைக் காணும் மாணவன், நூல் சொல்வதை நம்பிக் குறிப்பேட்டை மூடிவிடுதல் ஆகாது. அவன் அங்கே காலைப் பார்க்கட்டும்: வளையம் உண்டா, பின்விரல் உண்டா. பறக்கும்போது சிறகு முழுமையா என்று நோக்கட்டும். நாளையும் நேரத்தையும் உடன்நின்ற பறவைகளையும் எழுதட்டும். தெகிவளையிலோ வேறெங்கோ வாத்து எதுவும் காணாமற் போயிற்றா என விசாரிக்கட்டும். அது இறங்கி நின்ற சேற்றில் உதிர்ந்த இறகு கிடந்தால் அதனைக் கடித உறையிலிட்டுத் திகதியெழுதி வைக்கட்டும்.